கடற்கரை கேஷுவாலிட்டியில் முதல் ஆராய்ச்சி: இறங்குவதற்கு முன் தெரிய வேண்டியவை

இராமநாதபுரம் மாவட்டத்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற டாக்டர்கள், தீசிஸ் எழுத வேண்டிய பி.ஜி. மாணவர்கள், ஆர்வமுள்ள ஸ்டாஃப் நர்ஸ்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பாம்பு கடித்தவர்கள் எவ்வளவு தாமதமாக மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார்கள் என்று பார்க்க ஒரு சின்ன ஆய்வு தொடங்கினேன். நோயாளிகளிடம் தகவல் வாங்குவது பெரிய சிரமமாக இல்லை, அதற்கு முந்தைய காகித வேலைதான் ஆளை அலைக்கழித்துவிட்டது. எதை, யாரிடம், எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்று முழுசாகச் சொல்ல ஒருவரும் இல்லை, ஒரு மேசையில் ஒரு பதில், அடுத்த மேசையில் வேறு பதில். அந்த அலைச்சல் உங்களுக்காவது மிச்சமாகட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கரைக்கு வரும் கேஸ்கள் பெரிய நகரத்து ஆஸ்பத்திரிகளின் கணக்கில் சரியாக வருவதில்லை. கடல் பாம்பு கடித்தவர், திருக்கை முள் குத்தியவர், பாசி எடுக்கப் போய்க் காலைக் கிழித்துக்கொண்ட பெண்கள், தனுஷ்கோடிப் பக்கம் அலையில் மாட்டிக்கொண்ட யாத்ரீகர், நெஞ்சுவலியோடு பாம்பன் பாலம் தாண்டி வந்து, பிறகு மதுரைக்கு இன்னும் 110 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியவர் என்று இவர்களைப் பற்றி இங்கே இருப்பவர்கள் எழுதினால்தான் உண்டு. அதனால் செய்யுங்கள், ஆனால் முறையாகச் செய்யுங்கள்.

1. கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"இராமநாதபுரத்தில் பாம்புக்கடி" என்பது தலைப்புதான், அதில் கேள்வி எதுவும் இல்லை. "கடித்த நேரத்திலிருந்து விஷமுறிவு மருந்தின் முதல் சொட்டு ஏறும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது, அதில் வழியில் போனது எவ்வளவு, ஆஸ்பத்திரிக்குள் போனது எவ்வளவு?" என்று கேட்டால் அது கேள்வி. பதில் ஓர் எண்ணாகவோ ஆம், இல்லை என்றோ வர வேண்டும். நெஞ்சுவலிக்காரருக்கு முதல் ஈ.சி.ஜி. எத்தனை நிமிடத்தில் எடுக்கப்படுகிறது, ரெஃபர் ஆகிப் போகிறவர்களில் எத்தனை பேர் கையில் முழுமையான ரெஃபரல் சீட்டு இருக்கிறது, இதெல்லாம் ஒரே ஆள் செய்து முடிக்கக்கூடிய கேள்விகள்.

இந்த மாதிரி நேரக் கணக்குக்கு மதிப்பு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மாரடைப்பு நோயாளிகளுக்காகச் சின்ன ஆஸ்பத்திரிகளைப் பெரிய மையங்களோடு இணைத்துத் தமிழ்நாட்டில் ஓர் ஆய்வு நடந்தது. 2017இல் வெளியான அந்த ஆய்வில் 2,420 நோயாளிகள் இருந்தார்கள். இணைப்பதற்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதம், இணைத்த பிறகு அது 14.2 ஆகக் குறைந்தது. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை, நோயாளி போகிற பாதையைத்தான் ஒழுங்குபடுத்தினார்கள்.

பருவத்தையும் இப்போதே யோசித்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் போகாது, கடல் காயங்கள் குறைந்துவிடும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ராமேஸ்வரத்தில் கூட்டம் குவியும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அறுவடை நேரத்திலும் பாம்புக்கடியின் போக்கு மாறும். மூன்று மாதம் மட்டும் எடுத்துவிட்டு "இந்தக் கரையில் இப்படித்தான்" என்று எழுத முடியாது. ஒரு முழு ஆண்டு எடுங்கள், முடியாவிட்டால் எந்த மாதங்கள் என்று தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

2. எத்தனை பேர் தேவை, அத்தனை பேர் வருவார்களா?

விகிதம் கண்டுபிடிக்கிற ஆய்வுக்குப் பழைய எளிய கணக்கு போதும். எதிர்பார்க்கும் சதவீதத்தை மிச்ச சதவீதத்தால் பெருக்கி, அதை 4ஆல் பெருக்கி, நீங்கள் ஒத்துக்கொள்ளும் பிழையின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 20 சதவீதம் எதிர்பார்க்கிறீர்கள், 5 சதவீதப் பிழை பரவாயில்லை என்றால் 256 பேர். 50 சதவீதமும் 10 சதவீதப் பிழையும் என்றால் 100 பேர்.

அப்புறம் கேஷுவாலிட்டி ரெஜிஸ்டரை எடுத்துப் போன வருஷம் அந்த மாதிரி கேஸ் எத்தனை வந்தது என்று எண்ணிப் பாருங்கள். பலர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். கடல் பாம்புக்கடிக்கு 256 பேர் என்று எழுதிவிட்டால் நீங்கள் ரிடயர் ஆகும்வரை அந்த ஆய்வு முடியாது. அரிய கேஸ் என்றால் வந்தவர்களை மட்டும் விவரித்து எழுதுகிற கேஸ் சீரிஸ் போதும், அதில் ஒரு குறைவும் இல்லை. எண்ணிப் பார்ப்பதற்கும் ரெஜிஸ்டரைத் தொடுவதற்கும்கூட துறைத்தலைவரிடம் வாய்மொழியாகவாவது கேட்டுவிடுங்கள்.

3. உங்கள் ஆஸ்பத்திரி எந்த இயக்ககத்தின் கீழ் வருகிறது?

ஆய்வு நெறிப்படி இருக்கிறதா என்று பார்த்து அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டிக்குப் போகும் முன்பே இது தெரிந்திருக்க வேண்டும். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி போன்றவை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் வரும். தாலுகா ஆஸ்பத்திரிகள் மருத்துவப் பணிகள் இயக்ககத்தின் கீழ் வரும், மாவட்டத்தில் அதற்கு நலப்பணிகள் இணை இயக்குநர். ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரத்துறையின் கீழ் வரும். கல்லூரியில் வாங்கிய அனுமதியை வைத்துக்கொண்டு தாலுகா ஆஸ்பத்திரி ரெஜிஸ்டரையோ மண்டபம் பக்கத்து பி.எச்.சி. பதிவையோ எடுக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிதம், தனிக் காத்திருப்பு. முதல் ஆய்வா? ஒரே இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆஸ்பத்திரியில் எத்திக்ஸ் கமிட்டியே இல்லையென்றால் வேறு நிறுவனத்தின் கமிட்டியோடு எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். அந்தக் கமிட்டி மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு செய்ததா என்று கேளுங்கள், பதிவு எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் பல இடத்தில் கேட்பார்கள். புது மருந்தை நோயாளிக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனைகளுக்கு 2019ஆம் ஆண்டு விதிகளும் வேறு அனுமதிகளும் உண்டு. புதிதாக வருகிறவர் அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

4. எத்திக்ஸ் கமிட்டிக்கான ஃபைல்

கமிட்டி தினமும் கூடுவதில்லை. சில இடங்களில் மாதம் ஒருமுறை, சில இடங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கூட்டத் தேதிக்குச் சில வாரங்கள் முன்பே ஃபைல் உள்ளே போய்விட வேண்டும். குறைந்தது 5 உறுப்பினர்கள் வராவிட்டால் கூட்டம் செல்லாது, தள்ளிப்போகும். அதனால் முதல் நோயாளியைச் சேர்க்க நினைக்கும் தேதியிலிருந்து நான்கைந்து மாதம் பின்னால் எண்ணித் தொடங்குங்கள்.

ஃபைலில் பொதுவாகக் கேட்பவை: ஆய்வுத் திட்டம், தகவல் சேகரிக்கும் படிவம், நோயாளிக்கான தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் (தமிழிலும் ஆங்கிலத்திலும்), துறைத்தலைவரின் கடிதம், ஆய்வாளர்களின் தன்விவரம், செலவுக் கணக்கு, ஆதாய முரண் இல்லை என்ற உறுதிமொழி, ஆராய்ச்சி நெறிமுறைப் பயிற்சிச் சான்றிதழ். இந்தக் கடைசிச் சான்றிதழ் இல்லாததால் ஃபைல் திரும்பி வருவது சகஜம். சென்னையிலுள்ள ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தொற்றுநோயியல் நிறுவனம் ஆராய்ச்சி அடிப்படைகளுக்கு ஆன்லைன் பாடம் நடத்துகிறது. படிக்கக் காசு இல்லை, தேர்வுக்குத்தான் கட்டணம். பி.ஜி.க்களுக்கு அது கட்டாயம் என்பதால் எப்படியும் முடிக்க வேண்டும், முன்னாலேயே முடித்துவிடுங்கள். தேர்வு வருஷம் முழுக்க நடக்காது, தேதியைத் தவறவிட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைப்படி ஆபத்தின் அளவைப் பொறுத்து ஃபைல் விலக்கு, துரிதப் பரிசீலனை, முழுக் கமிட்டி என்று மூன்று வழியில் ஒன்றில் போகும். பழைய கேஸ் ஷீட்டுகளைப் பெயரில்லாமல் பார்ப்பது மட்டும் என்றால் ஒப்புதல் விலக்கும் துரிதப் பரிசீலனையும் கேட்கலாம். ஆனால் "எனக்கு விலக்கு உண்டு" என்று நீங்களே முடிவு செய்யக் கூடாது, அதையும் கமிட்டிதான் சொல்ல வேண்டும். தகவலையெல்லாம் எடுத்து முடித்துவிட்டுப் பின்தேதியிட்டு அனுமதி தரச் சொல்லிக் கெஞ்சுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த ஒழுங்கான கமிட்டியும் தராது, தரவும் கூடாது.

5. ஒப்புதல்: கேஷுவாலிட்டியின் உண்மையான சிக்கல்

வெளிநோயாளிப் பிரிவில் உட்காரவைத்துப் பேசி, "வீட்டில் கேட்டுட்டு நாளைக்கு வாங்க" என்று சொல்லலாம். இங்கே நோயாளி ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறார், இமை தொங்குகிறது, மூச்சு வாங்குகிறது, கூட வந்தது பக்கத்து வீட்டுக்காரர். இவரிடம் எப்படிக் கையெழுத்து வாங்குவது?

இரண்டைக் குழப்பாதீர்கள். உயிர் போகும் நிலையில் சிகிச்சைக்கு ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நல்லெண்ணத்தோடு நோயாளியின் நன்மைக்காகச் செய்வதைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. அந்தப் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கு இல்லை. ஆய்வுக்காக நீங்கள் கேட்கும் கேள்வியும், கூடுதலாக எடுக்கும் இரண்டு மில்லி ரத்தமும் சிகிச்சைக் கணக்கில் வராது.

வழி இருக்கிறது. சிகிச்சை முடிந்து நோயாளி தெளிந்த பிறகு ஒப்புதல் வாங்குவது, அதுவரை சட்டப்படியான உறவினரிடம் வாங்குவது என்று திட்டத்திலேயே எழுதிக் கமிட்டியிடம் அனுமதி வாங்குங்கள். தெளிந்த பிறகு அவர் வேண்டாம் என்றால் அந்தப் படிவத்தைச் சேர்க்கக் கூடாது. வெறுமனே கவனித்துக் குறிக்கும் ஆய்வுக்கு இது போதும். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியின் முன் வாசித்துக்காட்டி, கைநாட்டு வாங்கி, சாட்சியிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். டியூட்டி நர்ஸைச் சாட்சியாகப் போடாதீர்கள், அவர் உங்கள் ஆள்.

தகவல் தாளின் தமிழ் நம் ஆட்கள் பேசுகிற தமிழாக இருக்கட்டும். "நச்சுமுறி ஊநீர்" என்று எழுதினால் யாருக்குப் புரியும்? "பாம்பு விஷத்துக்குப் போடும் மருந்து" என்று எழுதுங்கள். எழுதியதைத் தங்கச்சிமடத்திலோ தேவிபட்டினத்திலோ ஒரு மீனவக் குடும்பத்திடம் படித்துக்காட்டி, என்ன புரிந்தது என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். முக்கியமாக ஒரு வரி: "இதில் சேராவிட்டாலும் உங்கள் வைத்தியம் கொஞ்சமும் குறையாது." இதை வாயாலும் சொல்லுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டு மறுக்கத் தயங்குகிறவர்கள்தான் அதிகம், அந்தத் தயக்கத்தை நாம் ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

விஷம் குடித்தவர்கள், எலி பேஸ்ட் தின்றவர்கள் பற்றிய ஆய்வு என்றால் இரண்டு மடங்கு கவனம் தேவை. சொந்தக்காரர்கள் சூழ நிற்கும்போது கேள்வி கேட்காதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகத்தான் பார்க்கச் சொல்கிறது. படிவத்தை நிரப்பியதோடு விடாமல் அவரை மனநல டாக்டரிடம் சேர்க்கும் ஏற்பாட்டையும் திட்டத்தில் எழுதுங்கள்.

6. சி.டி.ஆர்.ஐ. பதிவு

இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு இது, பதிவு இலவசம். சிகிச்சையை ஒப்பிடும் எந்த ஆய்வும் இங்கே பதிவாக வேண்டும், கவனித்துக் குறிக்கும் ஆய்வுகளையும் ஏற்கிறார்கள். 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் பதிவு செய்தால்தான் செல்லும். கமிட்டி அனுமதிக் கடிதம் கையில் வந்ததும் நேரே இங்கே வாருங்கள். பதிவேட்டிலிருந்து திருத்தம் கேட்டு மின்னஞ்சல் வரும், பதில் போட்டால் இன்னொன்று கேட்பார்கள், சில வாரம் ஓடும். அந்தச் சில வாரத்தில் நல்ல கேஸ் ஒன்று வந்துவிட்டதே என்று கை பரபரக்கும். எண் வராமல் சேர்க்காதீர்கள்.

7. படிவம்: ஒரே பக்கம், நேரம்தான் உயிர்

இரவு இரண்டு மணிக்கு மூன்று ஸ்ட்ரெச்சர் வரிசையில் நிற்கும்போது நாலு பக்கப் படிவத்தை யாரும் நிரப்ப மாட்டார்கள். ஒரு பக்கம், பெரும்பாலும் டிக் அடிக்கிற கட்டங்கள்.

அவசர சிகிச்சை ஆய்வில் பாதிக்கு மேல் நேரக் கணக்குதான், அதிலேதான் எல்லாம் கோளாறாகும். ஒரே நோயாளிக்கு 108 ஆம்புலன்ஸ் சீட்டில் ஒரு நேரம், ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவில் ஒரு நேரம், சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் டிரையாஜ் சீட்டில் ஒரு நேரம் இருக்கும், ஈ.சி.ஜி. தாளில் அச்சாகியிருப்பது இவை எதோடும் ஒட்டாது. அந்த மெஷினின் கடிகாரத்தை யார் கடைசியாகத் திருத்தினார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆய்வு தொடங்கும் நாளில் சுவர்க் கடிகாரம், ஈ.சி.ஜி. மெஷின், மானிட்டர் மூன்றையும் ஒரே கைபேசி நேரத்துக்கு வையுங்கள், வாரம் ஒருமுறை சரிபாருங்கள். எந்தப் பதிவின் நேரத்தை எடுத்துக்கொள்வீர்கள் என்று திட்டத்தில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

கடித்த நேரம் அதைவிடச் சிக்கல். "எத்தனை மணிக்கு?" என்றால் தெரியாது என்பார்கள். "சுபுஹு பாங்குக்கு முன்னாடியா பின்னாடியா?" (விடியற்காலைத் தொழுகை அழைப்பு), "முதல் பஸ் போயிருச்சா?", "வலை இழுத்துக்கிட்டிருந்தீங்களா, கரைக்கு வந்துட்டீங்களா?" என்று கேளுங்கள், அரைமணி நேரத்துக்குள் பிடித்துவிடலாம். தரையில் படுத்துத் தூங்கும்போது கட்டுவிரியன் கடித்தவருக்குக் கடித்ததே தெரியாது, விடியலில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார். அவருக்குக் கடித்த நேரத்தை ஊகித்து எழுதாமல் "தெரியவில்லை" என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். தெரியவில்லை என்பதும் தகவல்தான், காலியாக விட்டால் அதற்கு அர்த்தம் இல்லை.

பாம்பின் பெயருக்கு நோயாளி சொன்ன ஊர்ப்பெயரை அப்படியே எழுத ஒரு வரி, டாக்டர் முடிவு செய்த வகைக்கு ஒரு வரி என்று இரண்டும் வேண்டும். இது வெறும் பதிவு விஷயமில்லை. நம்மிடம் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும்தான். கடல் பாம்புக்கு அது கேட்காது, அங்கே தசை வலியையும் கறுத்த சிறுநீரையும் பொட்டாசியத்தையும் பார்த்துக்கொண்டு சிறுநீரகத்தைக் காப்பாற்ற வேண்டும். இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுக் குழப்பினால் முடிவே தப்பாகிவிடும்.

இன்னொன்று, ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனை. சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தத்தை விட்டு, 20 நிமிடம் ஆட்டாமல் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் வைத்தாலும் சோப்புப் போட்டுக் கழுவிய குழாயில் வைத்தாலும் உறைய வேண்டிய ரத்தமும் உறையாமல் நிற்கும். நோயாளிக்குத் தேவையில்லாத மருந்து ஏறும், உங்கள் ஆய்விலும் பொய் எண் ஏறும். புதுக் கண்ணாடிக் குழாய்கள் ஒரு பெட்டி ஆய்வுச் செலவில் சேருங்கள், படிவத்தில் "கண்ணாடியா?" என்று ஒரு கட்டமும் போடுங்கள்.

நோயாளியின் பெயர், ஏ.ஆர். எண், ஊர் இவை தகவல் சேகரிக்கும் படிவத்தில் வரக் கூடாது. தனி ஏட்டில் ஆய்வு எண்ணோடு இணைத்துப் பூட்டி வையுங்கள். சின்ன மீனவக் குப்பத்தின் பெயரும் வயதும் இருந்தாலே யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும், தாலுகாவோடு நிறுத்துங்கள்.

8. இரவு கேஸ்களும் ரெஃபர் ஆகிப் போனவர்களும்

பி.ஜி. தன் டியூட்டியில் வந்தவர்களை மட்டும் சேர்த்தால் இரவில் தாமதமாக வந்த மோசமான கேஸ்கள் விட்டுப்போகும், முடிவு உண்மையைவிட அழகாகத் தெரியும். எல்லா ஷிஃப்டிலும் ஓர் ஆள் வேண்டும், ஹவுஸ் சர்ஜனோ நர்ஸோ. அவர்களுக்குக் கால்மணி நேரம் சொல்லிக்கொடுங்கள், அவர்கள் பெயரைக் கட்டுரையில் ஆய்வாளராகவோ நன்றிப் பகுதியிலோ போடுவதை முன்பே பேசிவிடுங்கள். தினமும் காலையில் ரெஜிஸ்டரோடு ஒப்பிட்டு விடுபட்டவர்கள் எத்தனை பேர் என்றும் குறியுங்கள்.

மதுரைக்கு ரெஃபர் ஆனவர் பிழைத்தாரா? இதுதான் நம் ஆய்வுகளில் எப்போதும் காலியாகக் கிடக்கும் கட்டம். ஒப்புதல் படிவத்திலேயே போனில் கூப்பிட அனுமதி கேளுங்கள், இரண்டு எண் வாங்குங்கள், ஒன்று வீட்டில் இருக்கும் பெண்ணுடையதாக இருக்கட்டும். கடலுக்குப் போனவரின் போன் நாள்கணக்கில் எடுபடாது. கூப்பிடும்போது இறந்துவிட்டார் என்று சொன்னால் என்ன பேசுவது என்பதையும் முன்பே யோசித்து வையுங்கள்.

பாம்புக்கடி 2024 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். உங்கள் ஆய்வுப் படிவத்தை நிரப்பியதால் அந்த அறிவிப்பு போய்விட்டதாக ஆகாது, அதைத் தனியாக அனுப்ப வேண்டும். போலீஸ் தகவலும் அப்படித்தான்.

9. செலவு

அரசுக் கல்லூரிக் கமிட்டிகளில் மாணவர் ஆய்வுக்குக் கட்டணம் இல்லை, அல்லது சின்னத் தொகை. தனியாரில் அதிகம், முன்பே கேளுங்கள். ஜெராக்ஸ்தான் நிஜச் செலவு. ஒருவருக்கு ஆறு பக்கம், 256 பேர், பக்கம் ஒன்றரை ரூபாய் என்று வைத்தால் 2,304 ரூபாய். ஒப்புதல் படிவத்தில் ஒரு பிரதி நோயாளிக்குத் தர வேண்டும் என்பதை மறக்காமல் கணக்கில் சேருங்கள். தகவலைப் பதிய எபிகலெக்ட் போன்ற இலவச செயலிகள் உண்டு, சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடும். கணக்குப் போட ஜமோவி, ஆர் (R) என்ற இரண்டு மென்பொருள்களும் இலவசம். புள்ளியியல் ஆள் தேவையென்றால் தகவல் சேகரிக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள், முடிந்த பிறகு போனால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. நோயாளியிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது, ஆய்வுக்காகக் கூடுதலாக எடுக்கும் டெஸ்டின் செலவு உங்களுடையது.

10. எழுதி முடித்த பிறகு

"அன்புள்ள டாக்டர், ஐந்தே நாளில் வெளியிடுகிறோம்" என்று மின்னஞ்சல் வரத் தொடங்கும். பணத்தைக் கட்டிவிடாதீர்கள். இதழ் மெட்லைன் அல்லது ஸ்கோபஸ் என்ற இதழ்ப் பட்டியல்களில் இருக்கிறதா என்று அந்தத் தளத்திலேயே போய்ப் பாருங்கள், இதழ் தன்னைப் பற்றித் தானே சொல்வதை நம்பாதீர்கள். கவனித்துக் குறித்த ஆய்வு என்றால் ஸ்ட்ரோப் சரிபார்ப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு எழுதுங்கள், திருத்தம் பாதியாகக் குறையும். கமிட்டி அனுமதி பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான். ஆய்வு நீண்டால் புதுப்பிக்க வேண்டும், படிவத்தில் ஒரு கேள்வியை மாற்றினாலும் திருத்த அனுமதி வேண்டும், முடிந்ததும் நிறைவறிக்கை தர வேண்டும்.

இதழில் வர ஓராண்டுகூட ஆகலாம். அதுவரை முடிவைப் பூட்டி வைக்காமல் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி டியூட்டி ரூம் சுவரில் ஒட்டுங்கள், ரெஃபர் செய்து அனுப்பும் பி.எச்.சி.களுக்கும் 108 ஊழியர்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். கடித்தவரை முதலில் பார்க்கிறவர்கள் அவர்கள்தான்.